பால் மட்டும் போதாது!

1959-ம் ஆண்டு. சென்னையில் பலத்த மழை. தியாகராய நகர் தெருக்களில் வெள்ளம். அதில் இரண்டு நாய்க்குட்டிகள் தத்தளித்தன.

விமானி கேப்டன் சுந்தரம் அவற்றைத் தூக்கி, வீட்டுக்குக் கொண்டு வந்தார். "புளூகிராஸ்" பிறந்த கதை இதுதான். ஆதரவற்ற குட்டிகளை அங்கே தத்துக் கொடுக்கிறார்கள்.

நீங்களும் ஒரு குட்டியை வளர்க்கலாம். ஆனால், பால் ஊற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். தெருக்குட்டிகளுக்கு எமன், "பார்வோ" என்ற நோய். வாந்தி, ரத்த பேதி. நேற்று துள்ளி விளையாடிய குட்டி, இரண்டொரு நாளில் சுருண்டு விடும்!

இதற்குத் தடுப்பு ஊசி இருக்கிறது. 6 முதல் 8 வார வயதில் முதல் ஊசி. பிறகு 3, 4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் வரை போட வேண்டும். ஒன்றோடு நிறுத்தக் கூடாது. ஏன் தெரியுமா? தாயிடம் இருந்து வந்த எதிர்ப்புச் சக்தி, முதல் ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கலாம்.

3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பு ஊசி. குடல் புழுவுக்கும் மருந்து கொடுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லெட் ஆகாது.

விளையாட்டில் குட்டியின் பல் பட்டுவிட்டதா? மஞ்சள் தடவாதீர்கள். (எங்கள் பாட்டி அதைத்தான் தேடுவார்!) சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.