உங்களுக்குத் தெரியுமா? தொப்பூர் கணவாயும் ஒரு முக்கோணமும்

தருமபுரி மாவட்டத்தில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலத்தை நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் லாரியின் திசைவேகம் சரிவினால் மாறிக்கொண்டே இருக்கும். அம்மாற்றத்தின் வீதமே முடுக்கம் எனப்படும். திசைவேகம்–நேரம் வரைபடத்தில் முடுக்கத்தைக் கோட்டின் சாய்வும், கடந்த தொலைவைக் கோட்டின் கீழ் அடங்கும் பரப்பும் காட்டும். பிரேக் பிடித்தபின் ஒவ்வொரு விநாடியும் திசைவேகம் விநாடிக்கு 2 மீட்டர் அளவு குறைவதாகக் கொண்டால், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வரும் லாரி 5 விநாடியில் 25 மீட்டர் ஓடி நிற்க, 72 கி.மீ. வேகத்தில் வருவதோ 10 விநாடியில் 100 மீட்டர் ஓடிய பின்னரே நிற்கும். வரைபடத்தில் இறங்கும் கோட்டின் கீழ் அமையும் முக்கோணத்தின் உயரமும் (தொடக்கத் திசைவேகம்) அடிப்பக்கமும் (நேரம்) இருமடங்காவதால் பரப்பு நான்கு மடங்காகிறது. இறக்கத்தில் வேகத்தைக் குறைப்பதே உயிரைக் காக்கும்.