தேனீ கொட்டினால்

பீன்யாவில் வேலை செய்கிறவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். உயரமான கட்டடம். உச்சியில் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு அடியில் கறுப்பாக ஏதோ தொங்கும். முறத்தைவிடப் பெரிதாக இருக்கும். கிட்டே ஏதாவது வந்தால் அலை அலையாக அசையும்.

அதுதான் மலைத்தேனீயின் கூடு. கன்னடத்தில் ஹெஜ்ஜேனு என்பார்கள்.

மலைத்தேனீ காட்டில் பாறையிலும் பெரிய மரத்திலும் கூடு கட்டும். பெங்களூரில் மாடிக் கட்டடங்களே அதற்குப் பாறை ஆகிவிட்டன. மழைக்காலம் முடியும்போது கூட்டமாக வரும். பூக்கள் குறைந்ததும் வேறு இடம் போய்விடும். சும்மா விட்டால் அது நம்மிடம் வராது. யாராவது கல் எறிந்தால் வரும். கூட்டுக்கு அடியில் குப்பையை எரித்தால் வரும். பருந்து கூட்டில் மோதினாலும் கிளம்பும். கல் எறிந்தவன் ஓடிவிடுவான். அந்த வழியாகச் சாப்பாட்டுத் தூக்கோடு போகிறவர் மாட்டிக்கொள்வார்!

ஒரு தேனீ கொட்டியதும் ஏன் பத்து தேனீ வருகிறது? தேனீயின் கொடுக்கில் முள் போன்ற பற்கள் உண்டு. அது நம் தோலில் மாட்டிக்கொள்ளும். தேனீ பறக்கும்போது கொடுக்கு பிய்ந்து நம் உடம்பிலேயே தங்கிவிடும். கூடவே விஷப்பையும் தங்கிவிடும். அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். கிட்டத்தட்ட வாழைப்பழ வாசனை. "எதிரி இங்கே இருக்கிறான்" என்று மற்ற தேனீக்களுக்கு அது சொல்லிவிடும். அதனால் அங்கேயே நின்று கையால் அடிக்காதீர்கள். துண்டாலோ சேலைத் தலைப்பாலோ முகத்தை மூடுங்கள். ஓடுங்கள். கதவு உள்ள அறைக்குள் போய்ச் சாத்திக்கொள்ளுங்கள். தண்ணீரில் குதிக்க வேண்டாம். தலையை வெளியே எடுக்கும்வரை தேனீ காத்திருக்கும்.

உள்ளே வந்ததும் முதல் வேலை கொடுக்கை எடுப்பது. பிய்ந்து கிடக்கும் விஷப்பை தானாகத் துடித்துக்கொண்டே இருக்கும். விஷம் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் கிள்ளி எடுக்கக் கூடாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று முன்பு சொல்லி வந்தார்கள். 1996-இல் அமெரிக்காவில் பூச்சி ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். தேனீயைத் தங்கள் கையிலேயே கொட்டவிட்டுப் பார்த்தார்கள். கிள்ளினாலும் சுரண்டினாலும் ஒன்றுதான் என்று தெரிந்தது. எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. எனவே கத்தி, அட்டை என்று தேட வேண்டாம். நகம் போதும்.

பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். கையில் கொட்டியிருந்தால் மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. சுண்ணாம்பு தடவுவது நம் ஊர் வழக்கம். அது தோலைப் புண்ணாக்கும். மண் பூசினால் புண்ணில் சீழ் பிடிக்கலாம். இரண்டும் வேண்டாம். வலி இரண்டு மூன்று மணி நேரத்தில் குறையும். வீக்கம் மறுநாள் சற்றுக் கூடலாம். பயப்பட வேண்டாம். சில நாளில் வடிந்துவிடும்.

எப்போது பயப்பட வேண்டும்?

சிலருடைய உடம்புக்குத் தேனீ விஷம் ஒத்துக்கொள்ளாது. இதை ஒவ்வாமை என்கிறோம். அலர்ஜி என்றும் சொல்வார்கள். இவர்களுக்கு ஒரே ஒரு தேனீ கொட்டினாலும் ஆபத்து. கொட்டியது காலில் இருக்கும். ஆனால் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும். உதடும் நாக்கும் வீங்கும். குரல் கம்மும். மூச்சு இழுக்கும். தலை சுற்றும். வாந்தி வரும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இது தொடங்கிவிடும். தாமதிக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை எங்கே என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே கொண்டு போங்கள். அதுவரை அவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம்.

அட்ரினலின் என்று ஓர் ஊசி மருந்து இருக்கிறது. அதைத் தொடைச் சதையில் போடுவார்கள். அதுதான் உயிரைக் காக்கும். விலை அதிகம் இல்லை. "ஊசி போட்டாச்சு, சரியாகிவிட்டது" என்று உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் திரும்பவும் வரலாம். டாக்டர் இருக்கச் சொன்னால் இருங்கள்.

அலர்ஜி இல்லாதவரும் பல தேனீ கொட்டினால் தப்ப முடியாது. ஐம்பது, நூறு என்று கொட்டினால் விஷத்தின் அளவே உடம்பைக் கெடுக்கும். சிறுநீரகம் பழுதாகும். சிறுநீர் டீ நிறத்தில் போகும். வலி குறைந்துவிட்டாலும் இவர்களுக்கு ஆஸ்பத்திரிதான். குழந்தைகளுக்கு இன்னும் குறைவான கொட்டே போதும்.

குளவி கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது. ஒரே குளவி பல முறை கொட்டும். மற்றபடி வைத்தியம் ஒன்றுதான்.

தேள் பூச்சி இனம் அல்ல. அதற்கு எட்டுக் கால். ஆனாலும் செங்கல் அடுக்கில் கை விடுகிறவர்களுக்காக இதையும் சொல்ல வேண்டும். சிவப்புத் தேள் கொட்டினால் சிலருக்கு வியர்த்துக் கொட்டும். வாந்தி வரும். கை கால் சில்லிடும். இதயம் கெடும். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற ஊரில் இப்படிப் பலர் இறந்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்த காலம் உண்டு. அங்கே வேலை பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் 1980-களில் ஒரு வழி கண்டார். பிராசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்தார். இறப்பு மிகவும் குறைந்துவிட்டது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மாத்திரையை நாமே வாங்கிப் போடக் கூடாது. டாக்டர்தான் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும். மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஷூவையும் கையுறையையும் உதறிவிட்டுப் போடுங்கள்.

தொழிற்சாலையில் கூடு இருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். பழகிய ஆட்களைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கிற நேரத்தில் ஷிப்ட் மாறக் கூடாது. பந்தம் கொளுத்த நாமே ஏறக் கூடாது. கூட்டுக்குக் கீழே உள்ள வழியைக் கயிறு கட்டி மூடிவைத்தால், பல நேரம் அதுவே போதும். பூக்காலம் முடிந்ததும் தேனீக்கள் தாமே போய்விடும். வெறும் மெழுகு அடைதான் தொங்கும்.