வீட்டைக் கேள்வி கேட்கும் படிப்பு

“கட்டடம் கட்டத்தானே படிச்சா? இப்போ கட்டடத்தோட கதையைப் படிக்கப் போறாளாமே! அதுக்கும் ஒரு டிகிரியா?” என்று எதிர்வீட்டு மதினி கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஐந்து வருஷம் பி.ஆர்க். முடித்த என் மகள், கைக்கு வந்த வேலையை விட்டுவிட்டு, கட்டடக்கலை வரலாறும் விமர்சனக் கோட்பாடும் மேல்படிப்பாகப் படிக்கப் போவதாக ஒற்றைக்காலில் நின்றாள். அவள் அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் மனசு ஒப்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தூத்துக்குடியில் என் மாமியாரின் பழைய வீடு விலை பேசி முடிந்தது. வாங்கியவர் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார். சாமான்களை ஒழித்துக் கொடுக்க எல்லோரும் போனோம். மகள் டேப்பும் நோட்டுமாக மூன்று நாள் வீட்டை அளந்தாள். அளந்ததோடு விட்டாளா? ஆச்சியைத் துளைத்தெடுத்து விட்டாள்.

“ஆச்சி, நீங்க தார்சாவில உக்காருவீங்களா?”

“அங்க ஆம்பிளைங்கல்லா இருப்பாங்க! நான் எங்கட்டி உக்கார? அடுக்களையில இருந்தே குரலை எண்ணி, எத்தனை காப்பின்னு தெரிஞ்சுக்கிடுவேன்.”

எனக்குச் சுருக்கென்றது. தார்சா, பட்டாசல், அரங்கு, கடைசியில் அடுக்களை. காற்றும் வெளிச்சமும் முன்பக்கம், புகையும் இருட்டும் பின்பக்கம். அந்த அடுக்களையில் நானும்தான் சமைத்திருக்கிறேன். ஏன் இப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“இதுதாம்மா அந்தப் படிப்பு. யார் கட்டினாங்க, யாருக்காகக் கட்டினாங்க, யாரை எங்கே நிறுத்தினாங்கன்னு கட்டடத்தைக் கேக்கிறது” என்றாள்.

சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த சுவரில் தேன்கூடு மாதிரி துளை துளையான கல்லைக் காட்டினாள். கடலில் வெட்டியெடுத்த பவளப்பாறை! மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. அளவில்லாமல் பவளப்பாறை வெட்டியதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். 2001 முதல் பவளப்பாறைகளுக்கு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. நம் வீட்டுச் சுவருக்குள் ஒரு தீவின் கதை இருக்கிறதே என்று மலைத்துப் போனேன்.

பனிமய மாதா கோயிலுக்கும் கூட்டிப் போனாள். 1658-இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் கத்தோலிக்கர்கள் அல்லர். அவர்கள் ஆட்சியிலேயே 1713-இல் இந்தக் கத்தோலிக்கக் கோயில் எழுந்திருக்கிறது! டச்சுக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிய தேவாலயம் 1750-இல்தான் வந்தது. ஆள்கிறவர் ஒருவர், கும்பிடுகிறவர் வேறொருவர் என்றால் கோயில் எப்படி எழும்பும், யார் கை ஓங்கியிருந்தது என்று ஆராய்வதும் இதே படிப்புதானாம்.

நம் சமையலறைக்கும் இதில் இடம் உண்டு, சகோதரிகளே! 1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண்மணி ஒரு சமையலறையை வடிவமைத்தார். நடையும் வேலையும் குறையும்படி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். சுமார் 10,000 வீடுகளில் அமைத்தார்கள். இன்றைய ‘மாடுலர் கிச்சன்’ அதன் பேத்தி. ஆனால் ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அந்த அறை, பெண்ணைத் தனியே அடைத்துவிட்டது என்று பின்னால் வந்த பெண்கள் கேட்டார்கள். வேலை குறைந்தது சரி, வேலை யாருடையது என்பது மாறவில்லையே! வேடிக்கை என்னவென்றால், ‘விமர்சனக் கோட்பாடு’ என்ற சிந்தனை வளர்ந்ததும் அதே பிராங்க்பர்ட்டில், 1923-இல் தொடங்கிய சமூக ஆராய்ச்சிக் கழகத்தில்தான்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் ஆசை இருந்தால், பிளஸ் டூவில் கணக்கு எடுத்து, ‘நாட்டா’ போன்ற நுழைவுத்தேர்வு எழுதி, ஐந்தாண்டு பி.ஆர்க். முடிக்க வேண்டும். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை வரலாறும் கோட்பாடும் மேல்படிப்பாகப் படிக்கலாம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் படிப்பு டெல்லி எஸ்.பி.ஏ.வில் உண்டு. லண்டனில் 1847-இல் தொடங்கிய ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷனில் வரலாறும் விமர்சனச் சிந்தனையும் கற்பிக்கிறார்கள். கல்லூரி ஆசிரியப் பணி, மரபுக் கட்டடப் பாதுகாப்பு, அருங்காட்சியகம், எழுத்து என்று வழிகள் உண்டு. கட்டணத்தையும் உதவித்தொகையையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் அன்று அத்தை அந்த வரைபடத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். “என் அடுக்களையையும் போட்டிருக்கியாட்டி?” என்றார். கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே, “விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்னைக்கு?” என்று மகளிடம் கேட்டார்.

வீடு இப்போது இல்லை. படம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பழைய சுவர் இடிபடுவதற்கு முன் அதையும் ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அதற்கு முன்னால், வீட்டில் ஆச்சி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.