சிறிய விலாக்கூடு, நிறைந்த மார்பு: பொருந்தும் பிராவின் கணக்கு

பெண்கள் அன்றாடம் அணியும் உடைகளில் எடை தாங்கும் வேலையைச் செய்வது பிரா ஒன்றுதான் என்றாலும், மிகக் குறைந்த கவனத்தோடு வாங்கப்படுவதும் அதுதான். சேலைக்குக் கரையும் முந்தியும் பார்த்து வாங்குகிறவர்களும், ரவிக்கையில் பிடிக்கும் இடத்தைப் பிரித்துத் தைக்கச் சொல்கிறவர்களும், பிரா என்று வரும்போது பல ஆண்டுகளுக்கு முன் யாரோ சொல்லிவைத்த ஓர் எண்ணைக் கடையில் தாழ்ந்த குரலில் சொல்லி, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கிவந்துவிடுகிறார்கள். உடல்வாகும் மார்பளவும் நடுத்தரமாக அமைந்தவர்களுக்கு இந்தப் பழக்கத்தால் பெரிய தொல்லை வருவதில்லை. ஆனால் விலாக்கூடு சிறியதாகவும் மார்பு நிறைந்ததாகவும் உள்ள பெண்களுக்குக் கடையில் கிடைக்கும் ஏறத்தாழ எல்லாப் பிராவும் ஏதாவது ஓரிடத்தில் உறுத்துகிறது, பிதுங்குகிறது அல்லது நழுவுகிறது. இதற்குக் காரணம் அவர்களுடைய உடலில் இல்லை. அளவு குறிக்கும் முறையிலும், அந்த முறையைக் கடைகள் கையாளும் விதத்திலும்தான் இருக்கிறது.

மார்பகத்துக்குள் அதைத் தூக்கிப்பிடிக்கும் தசை எதுவும் கிடையாது. பால் சுரப்பிகளும் கொழுப்பும் சேர்ந்த அந்தத் திசுத்தொகுதி, ஏறத்தாழ இரண்டாம் விலா எலும்பிலிருந்து ஆறாம் விலா எலும்பு வரை, நெஞ்சுத் தசையின்மேல் அமர்ந்திருக்கிறது. அதைத் தாங்குபவை வெளியே தோலும், உள்ளே தோலுக்கும் நெஞ்சுத் தசையின் உறைக்கும் இடையே ஊடாடிச் செல்லும் மெல்லிய இணைப்பு நார்களும்தான். ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1840இல் வெளியான தம் நூலில் இந்த நார்களை விளக்கியதால் அவை அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. ஓடும்போது மார்பகம் மேலும் கீழுமாக மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைகிறது. மார்பு நிறைந்திருந்தால் அதன் எடை நெஞ்சுக்கு முன்னே சற்றுத் தள்ளி நிற்பதால் உடலை முன்னோக்கி இழுக்கும் விசையும் கூடுகிறது. தோள் ஒடுங்கி, உடல் மெலிந்திருப்பவர்களின் கழுத்தும் மேல்முதுகும் அந்த இழுப்பை விரைவில் உணர்கின்றன.

இந்த எடையை எங்கே இறக்கிவைப்பது என்பதுதான் பிரா தீர்க்க வேண்டிய கேள்வி. மார்புக்குக் கீழே விலாக்கூட்டைச் சுற்றி ஓடி முதுகில் கொக்கியில் முடியும் அடிப்பட்டி, மார்பகத்தை ஏந்தும் இரண்டு கப்புகள், கப்பின் அடியில் அரைவட்டமாக ஓடும் கம்பி, இரு கப்புகளையும் நெஞ்செலும்பின்மேல் இணைக்கும் நடுத்துண்டு, தோள்மீது செல்லும் வார்கள் ஆகியவை அதன் முக்கிய உறுப்புகள். எடையை வார்கள்தான் தாங்குகின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பங்கு வேலை அடிப்பட்டியுடையது. விலாக்கூட்டை இறுகப் பற்றிய பட்டி கம்பிக்கு உறுதியான அடித்தளமாகிறது, கம்பியும் கப்பும் மார்பகத்தைக் கீழிருந்து ஏந்துகின்றன, வார்களோ கப்பின் மேல்விளிம்பு சரியாமல் பிடித்துக்கொள்வதோடு நின்றுவிடுகின்றன. பட்டி தளர்ந்துவிட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் குலைந்துபோகிறது: கிணற்று ஏற்றத்தின் ஒரு முனை தாழ மறுமுனை உயர்வதுபோல, முன்பக்கம் எடையால் இறங்க, முதுகுப்பக்கப் பட்டி வார்களால் மேலே இழுபட்டுத் தோள்பட்டை எலும்புகளை நோக்கி ஏறுகிறது. இறங்கிய மார்பை உயர்த்துவதற்காக வார்களை இன்னும் இறுக்குவார்கள். அப்போது பட்டி மேலும் ஏறி, தோளில் தழும்புபோல் பள்ளம் விழும். தோளில் பள்ளம் விழுந்திருக்கும் பெண்களில் பலருக்குத் தேவைப்படுவது அகலமான வார் அன்று, சிறிய பட்டியே.

பட்டியும் கப்பும் தனித்தனியாக அளக்கப்பட வேண்டியவை என்ற எண்ணமே பிராவின் வரலாற்றில் பிந்தி வந்ததுதான். அமெரிக்காவில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் 1914இல் காப்புரிமை பெற்ற பிராவில் கப் அளவு என்று எதுவும் இல்லை. 1930களின் தொடக்கத்தில் எஸ்.எச். கேம்ப் என்ற அமெரிக்க நிறுவனம் மார்பகத்தின் அளவை ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளால் குறிக்கத் தொடங்கியது. 1937இல் வார்னர் நிறுவனம் அதைத் தன் பிராக்களில் பயன்படுத்திய பிறகு அம்முறை பரவியது. ஆகவே இன்று 34பி என்று வழங்கும் குறியில் இரண்டு செய்திகள் இருக்கின்றன: எண் பட்டியைக் குறிக்கிறது, எழுத்து, மார்பின் முழுச் சுற்றளவு பட்டியின் எண்ணைவிட எத்தனை அங்குலம் கூடுதல் என்பதைக் குறிக்கிறது. ஓர் அங்குலம் கூடினால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று என்றால் சி, நான்கு என்றால் டி என்று அது ஏறுகிறது. பிரிட்டிஷ் முறையில் டிக்குப் பிறகு டிடி, இ, எஃப், எஃப்எஃப், ஜி என எழுத்துகள் தொடர்கின்றன. அமெரிக்க நிறுவனங்கள் சில டிடிடி என்றும் எழுதுவதால், டிக்கு மேற்பட்ட அளவுகளை வாங்கும்போது அது எந்த நாட்டு முறை என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

எழுத்து என்பது வேறுபாட்டின் அளவே அன்றி மார்பகத்தின் பருமன் அன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "டி கப் என்றால் மிகப் பெரியது" என்ற பொதுநம்பிக்கை தவறானது. 28டி கப்பும் 38டி கப்பும் கொள்ளளவில் வெகுதூரம் விலகியவை. பட்டி எண் ஒரு படி குறைந்தால் எழுத்து ஒரு படி கூடினால்தான் கப்பின் கொள்ளளவு அப்படியே இருக்கும். பிரிட்டிஷ் முறைப்படி 34டி, 32டிடி, 30இ, 28எஃப் ஆகிய நான்கிலும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றே. தைக்கும் இடங்களில் இவற்றுக்கு ஒரே அளவுக் கம்பியைப் பயன்படுத்துவதும் வழக்கம். உடன்பிறந்த அளவுகள் என்று இத்துறையினர் இவற்றைச் சொல்கிறார்கள். எஃப் என்ற எழுத்தைக் கேட்டதும் கூச்சப்பட்டுப் பின்வாங்கும் மெலிந்த பெண், கடையில் தயக்கமின்றி எடுத்துத் தரப்படும் 34டியின் அதே கப்பைத்தான் கேட்கிறாள் என்பது தெரிந்தால் அந்தக் கூச்சம் நீங்கிவிடும்.

குழப்பத்தின் வேர் மற்றோர் இடத்தில் இருக்கிறது. மார்புக்குக் கீழே அளந்து வரும் எண்ணோடு நான்கு அல்லது ஐந்து அங்குலம் கூட்டி, அதையே பட்டி எண்ணாகக் கொள்ள வேண்டும் என்ற விதி இன்றும் பல அளவு அட்டவணைகளில் இருக்கிறது. அதன் தடயத்தை ஐரோப்பியக் குறிகளிலிருந்தே காணலாம்: அங்கே 70 என்று அச்சிடப்படும் பட்டியைத்தான் பிரிட்டன் 32 என்று குறிக்கிறது. 70 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 27½ அங்குலம். 32 அங்குலமோ 81 சென்டிமீட்டர். கூட்டிய அங்குலங்கள் அந்த எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. துணி அதிகம் நீளாத காலத்தில் மூச்சுவிட இடம் வைப்பதற்கு அந்தக் கூட்டல் பொருந்தியிருக்கலாம். 1958இல் டுபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் ஸ்பாண்டெக்ஸ் இழையை உருவாக்கினார். லைக்ரா என்ற வணிகப் பெயரால் பரவிய அந்த இழை உள்ளாடைத் துறையையே மாற்றியது. இன்றைய பட்டிகள் தாமாகவே பல அங்குலம் நீளும். நீளும் பட்டியோடு கூட்டல் விதியும் சேர்ந்தால் பட்டி தொளதொளத்துப்போகும். மார்பு சிறியதாக இருந்தால் அந்தத் தளர்ச்சியைப் பொறுத்துக்கொள்ளலாம், நிறைந்த மார்புக்கு அது ஒத்துவராது.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். ஒரு பெண்ணுக்கு மார்புக்குக் கீழே 28 அங்குலமும் மார்பின் முழுச் சுற்றில் 35 அங்குலமும் இருப்பதாகக் கொள்வோம். உள்ள அளவை அப்படியே எடுத்தால் வேறுபாடு 7 அங்குலம். பிரிட்டிஷ் முறையில் அவளுக்கு 28எஃப் வருகிறது. நான்கு அங்குலம் கூட்டினால் பட்டி 32 ஆகிறது, 35க்கும் 32க்கும் வேறுபாடு மூன்றே என்பதால் கப் சி ஆகிவிடுகிறது. கடையில் 32சி இருப்பில் இல்லையென்றால் விற்பனையாளர் 34பி எடுத்துத் தருவார். 28எஃப்பின் உடன்பிறந்த அளவு 32டிடி என்பதை நினைவிற்கொண்டால், அவளுக்குக் கிடைத்த கப் தேவையானதைவிட இரண்டு படி சிறியது, பட்டியோ மூன்று படி பெரியது. இரண்டு பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதுதான் இதில் கொடுமை: கப்பில் அடங்காத மார்பு பட்டியின் நீளத்தைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் தளர்ந்த பட்டியும் இறுக்கமாகத் தோன்றுகிறது, அவள் 36 கேட்டு வாங்குகிறாள், தொல்லை இன்னும் கூடுகிறது.

இந்த மயக்கத்தைக் களைய எளிய சோதனை ஒன்று உண்டு. பிராவை முன்பின்னாகத் திருப்பி, கப்புகள் முதுகுப்பக்கம் வரும்படி, கொக்கியை முன்னால் மாட்டிக்கொண்டால், பட்டி மட்டும் விலாக்கூட்டில் எப்படி நிற்கிறது என்பது மார்பின் குறுக்கீடு இல்லாமல் தெரிந்துவிடும். அப்போது இரண்டு விரல் நுழையும் அளவில் இறுகி நின்றால் பட்டி சரியானது. முறையாக அணியும்போது அதே பட்டி மூச்சைப் பிடித்தால் சிறியதாக இருப்பது கப்தான். வீட்டிலிருக்கும் பழைய பிராவின் பட்டியை இஞ்ச் டேப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்துப் பார்ப்பதும் பலருக்கு வியப்பைத் தரும்: 34, 35 அங்குலம் வரை எளிதாக நீளும் பட்டி 28 அங்குல உடலைப் பற்றுவதற்கு வழியே இல்லை.

அளவெடுப்பதற்கு டேப்பும் கண்ணாடியும் போதும். மார்புக்குக் கீழே, டேப் தரைக்கு இணையாக இருக்கும்படி, மூச்சை வெளிவிட்ட நிலையில் இறுக்கமாக அளக்க வேண்டும். மார்பின் சுற்றளவை நின்ற நிலையில் ஒரு முறையும், முதுகு தரைக்கு இணையாக வரும்படி குனிந்து ஒரு முறையும், டேப்பை இறுக்காமல் எடுக்க வேண்டும். நிறைந்து மென்மையாக உள்ள மார்பு நிற்கும்போது உடலோடு ஒட்டித் தாழ்ந்துவிடுவதால், குனிந்து எடுத்த அளவு சேரும்போதுதான் உண்மைக்கு நெருக்கமான எண் கிடைக்கும். இரண்டு மார்பகங்களும் ஒரே அளவாக இருப்பது அரிது, பெரியதற்கே கப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்கில் வரும் அளவு தொடக்கப்புள்ளி மட்டுமே. எலும்பு துருத்தி நிற்கும் மிக மெலிந்த உடலுக்கு ஒரு படி பெரிய பட்டி இதமாக இருக்கலாம், நிறுவனத்துக்கு நிறுவனம் பட்டியின் இழுப்பும் மாறும்.

கொள்ளளவு சரியாக இருந்தும் பிரா பொருந்தாமல் போவதுண்டு, அதற்குக் காரணம் வடிவம். மார்பகம் நெஞ்சோடு ஒட்டியிருக்கும் அடித்தளத்தை வேர் என்கிறார்கள். சிறிய விலாக்கூட்டில் இந்த வேருக்குக் கிடைக்கும் இடம் குறைவு; ஆகையால் நிறைந்த மார்பு பக்கவாட்டில் பரவாமல் முன்னோக்கி எழும்பி நிற்பது பலரிடம் காணப்படுகிறது. இப்படிப்பட்ட உடலுக்கு ஒடுங்கிய கம்பியும் ஆழமான கப்பும் தேவை. கடைகளில் மிகுதியாகத் தொங்கும், நுரைத் தாளை வெப்பத்தில் அழுத்தி உருவாக்கிய தையலற்ற கப்புகளோ அகலமானவை, ஆழம் குறைந்தவை. மார்பு அதன் அடிவரை இறங்க முடியாமல் கம்பியைக் கீழே தள்ளிவிட, கப்பின் மேல்பகுதியில் வெற்றிடம் தெரிகிறது. அந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கப் பெரிது என்று முடிவுகட்டி இன்னும் சிறியதை வாங்குவது மிகப் பரவலான பிழை. மூன்று நான்கு துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த கப்பில் ஒவ்வொரு தையலும் ஒரு வளைவைக் கூட்டுவதால் ஆழம் கிடைக்கிறது. மெல்லிய சுடிதாருக்குள் தையல் கோடு தெரியும் என்று பலர் இவற்றை ஒதுக்குகிறார்கள். நிறைந்த மார்பைத் தூக்கி நிறுத்துவதில் இவற்றுக்கு ஈடு இல்லை என்பதால் அந்தத் தயக்கத்தைக் கைவிடுவதே நல்லது. தோள் ஒடுங்கியவர்களுக்கு வார்கள் கப்பின் நடுவை நோக்கி அமைந்திருக்க வேண்டும், இல்லையெனில் நழுவும். மேலுடல் குட்டையானவர்களுக்குப் பக்கக் கம்பி உயர்ந்திருந்தால் அக்குளில் குத்தும். மார்பகங்கள் நெருங்கி அமைந்தவர்களுக்கு நடுத்துண்டு குறுகலாக இருக்க வேண்டும்.

அணிந்து பார்க்கும்போது புதிய பிராவை மிகத் தளர்ந்த கொக்கி வரிசையிலேயே மாட்ட வேண்டும். நாளடைவில் எலாஸ்டிக் தளரும்போது உள்வரிசைகளுக்கு மாறிக்கொள்ளவே அவை வைக்கப்பட்டிருக்கின்றன. மாட்டியபின் சற்றே குனிந்து, அக்குள் பக்கம் ஒதுங்கிய திசுவைக் கையால் முன்னே கொண்டுவந்து கப்புக்குள் சேர்த்துவிட்டு நிமிர்ந்து கண்ணாடியில் பார்த்தால் உண்மை நிலை புலப்படும். கம்பி மார்பகத்தின் அடிமடிப்பிலேயே பொருந்தி, அதன் வெளிமுனை அக்குளின் நடுவை நோக்கி நிற்க வேண்டும். எந்த இடத்திலும் மார்பகத்தின்மேல் ஏறி அழுத்தக் கூடாது. நடுத்துண்டு நெஞ்செலும்பில் படிந்திருக்க வேண்டும், விலகி மிதந்தால் பெரும்பாலும் கப் சிறியது என்றே பொருள். கப்பின் விளிம்பில் மார்பு இரண்டாகப் பிதுங்கக் கூடாது. முதுகுப்பட்டி முன்பட்டியின் மட்டத்திலேயே நிற்க வேண்டும். கைகளை உயர்த்தி இறக்கியபின்னும் இவையெல்லாம் அப்படியே இருந்தால் அந்தப் பிரா பொருந்துகிறது.

இப்படிப்பட்ட அளவுகளைத் தைப்பது முடியாத காரியம் அன்று. பிரிட்டனில் 1995இல் தொடங்கிய பிராவிசிமோ நிறுவனம் டி கப்பும் அதற்கு மேலும் உள்ள அளவுகளை விற்பதையே தொழிலாகக் கொண்டு வளர்ந்தது; பனாஷ், ஃப்ரேயா போன்ற பிரிட்டிஷ் பெயர்களிலும் சில போலந்து நிறுவனங்களிலும் 28, 30 பட்டியில் ஆழமான கப்புகள் கிடைக்கின்றன. உலகச் சந்தைக்கு உள்ளாடை தைத்து அனுப்புவதில் இலங்கை பெயர்பெற்ற நாடு, திருப்பூரிலிருந்தும் பின்னலாடைகள் கப்பலேறுகின்றன. திறனும் இயந்திரமும் அருகிலேயே இருக்க, நம்முடைய ஜவுளிக்கடை அடுக்குகள் மட்டும் பெரும்பாலும் 32இல் தொடங்கிப் பி, சி கப்புகளோடு நின்றுவிடுவது வருத்தத்துக்குரியது. 28, 30 பட்டிகளில் டிடி, இ, எஃப் கப்புகளைக் கடைக்காரர்கள் இருப்பில் வைக்கவும், அளவெடுக்கத் தெரிந்த ஒரு பெண் ஊழியரையும் அணிந்துபார்க்க ஓர் அறையையும் ஏற்பாடு செய்யவும் வேண்டும். வாங்குகிறவர்களும் பழைய எண்ணைச் சொல்வதை விட்டுவிட்டு, அளந்து வந்த அளவைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும்.