ஸ்க்ரீனிங்கில் ‘பாசிட்டிவ்’னு வந்தா கேன்சரா? கருப்பைவாய் பரிசோதனை ரிப்போர்ட்டுக்குப் பிறகு என்ன செய்யணும்?

நைட் ஷிஃப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கம்பெனி வேனில் வீடு திரும்புகிறீர்கள். கைப்பைக்குள் ஒரு சீட்டு. முந்தைய நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்த பரிசோதனையின் முடிவு: ‘வி.ஐ.ஏ பாசிட்டிவ்’. கீழே, பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லி ஒரு வரி.

இப்படி ஒரு சீட்டு உங்கள் கையிலோ, அம்மா, அக்கா கையிலோ இருந்தால் முதலில் தோன்றும் வார்த்தை ‘கேன்சர்’தான். அந்தப் பயத்திலேயே பலர் சீட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது அந்த முடிவைப் பார்த்து அல்ல, அதோடு நின்றுவிடுவதைப் பார்த்துதான்.

பாசிட்டிவ் என்றால் என்ன?

அரசு சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்த பெண்களுக்குப் பரவலாகச் செய்யப்படுவது வி.ஐ.ஏ பரிசோதனை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் போன்ற திரவத்தை, கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாற்றம் அடைந்த செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அதுதான் ‘பாசிட்டிவ்’. சாதாரணத் தொற்று, புண் இருந்தாலும் சில நேரம் வெள்ளையாகும். அதனால் இது நோயைச் சொல்லும் ரிப்போர்ட் இல்லை. ‘இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கணும்’ என்பதற்கான அழைப்பு மட்டுமே.

பாப் ஸ்மியர் எடுத்திருந்தால் ரிப்போர்ட்டில் ஆங்கில எழுத்துகளாக இருக்கும். ஏ.எஸ்.சி-யு.எஸ் என்றால் லேசான, உறுதியாகச் சொல்ல முடியாத மாற்றம். எல்.எஸ்.ஐ.எல் என்றால் குறைந்த அளவு மாற்றம். ஹெச்.எஸ்.ஐ.எல் என்றால் தீவிர மாற்றம், தள்ளிப்போடக் கூடாது. ‘அன்சாட்டிஸ்ஃபேக்டரி’ என்று இருந்தால் மாதிரி சரியாகக் கிடைக்கவில்லை, மறுபடி எடுக்கணும் என்று அர்த்தம்.

‘ஹெச்.பி.வி பாசிட்டிவ்’... யாரால வந்தது?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஏறத்தாழ எல்லா நேரமும் காரணம் ஹெச்.பி.வி என்ற வைரஸ். உடலுறவு மூலம் பரவும் மிகச் சாதாரணமான தொற்று இது. பெரும்பாலானோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும். பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பிறகும் தெரியலாம். அதனால் இந்த ரிப்போர்ட்டை வைத்து வீட்டில் யாரையும் சந்தேகப்படவோ, யார் மீதும் பழி போடவோ முடியாது.

அடுத்த கட்டம்: கால்போஸ்கோபி

பேர்தான் பெரிசு. பூதக்கண்ணாடி போன்ற கருவியால் கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் கால்போஸ்கோபி. கருவி உடலுக்குள் போகாது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சந்தேகமான இடம் இருந்தால் சின்னத் துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். கிள்ளுவது போலச் சுருக்கென்று இருக்கும். இரண்டு மூன்று நாள் லேசாக ரத்தம் படலாம். மாதவிடாய் இல்லாத நாளில் போங்க. கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்க.

பயாப்ஸி முடிவு ‘சி.ஐ.என்’ 1, 2, 3 என்று வரும். 1 என்றால் பெரும்பாலும் தானாகச் சரியாகும், கண்காணித்தால் போதும். 2, 3 என்றால் பொதுவாகச் சிகிச்சை தேவை. இதுவும் புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய நிலை. ஆனால் சி.ஐ.என் 3-ஐ அப்படியே விட்டால், நியூசிலாந்தில் நடந்த ஓர் ஆய்வின்படி, 30 ஆண்டுகளில் 100 பேரில் சுமார் 30 பேருக்குப் புற்றுநோயாக மாறுகிறது.

சிகிச்சையும் பெரிய ஆபரேஷன் இல்லை. குளிரவைத்தோ (கிரையோதெரபி), சூடுபடுத்தியோ (தெர்மல் அப்லேஷன்) அந்த இடத்தை அழிப்பார்கள். அல்லது மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கம்பி வளையத்தால் வெட்டி எடுப்பார்கள். அதற்கு ‘லீப்’ என்று பெயர். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

‘எதுக்கு வம்பு, கர்ப்பப்பையையே எடுத்துடலாம்’ என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். முந்தைய நிலை மாற்றங்களுக்கு அது வழக்கமான முதல் சிகிச்சை கிடையாது. பயாப்ஸி முடிவு என்ன, வேறு வழி இருக்கிறதா என்று கேளுங்க. இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்க.

திண்டுக்கல் சொன்ன கணக்கு

இதெல்லாம் நிஜமாகவே உயிரைக் காப்பாற்றுமா? அதற்கான முக்கிய ஆதாரம் நம் ஊரிலிருந்தே வந்தது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000 முதல் 2003 வரை, 30-59 வயதுப் பெண்கள் 31,343 பேருக்குச் செவிலியர்கள் வி.ஐ.ஏ பரிசோதனை செய்தார்கள். பாசிட்டிவ் வந்தது 3,088 பேருக்கு. அதாவது பத்தில் ஒருவருக்கு. முந்தைய நிலை மாற்றங்கள் இருந்தது 1,874 பேருக்கு. அவர்களில் 72 சதவீதம் பேர் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள்.

2007-ல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, பரிசோதனைத் திட்டம் நடக்காத கிராமங்களோடு ஒப்பிட்டால் இங்கே கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. கவனியுங்க, பரிசோதனை மட்டும் இதைச் செய்யவில்லை. பாசிட்டிவ் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும், 3,052 பேருக்கு, கால்போஸ்கோபி நடந்தது. அந்த அடுத்த படிதான் வித்தியாசம்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து எங்கே போவது?

சிக்கல் இங்கேதான். மாவட்டத் தலைநகரான திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் கும்மிடிப்பூண்டி ஒரு ரயில் பாதையில், திருவள்ளூர் இன்னொன்றில். ரயிலில் என்றால் சென்னை வரை போய் மாறணும். அதற்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம், எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை சிலருக்குச் சுலபமாக இருக்கலாம். சீட்டு எழுதும் செவிலியரிடமே கேளுங்க: எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எந்த அறை? தெரிந்துகொண்டு போனால் ஒரு நாள் சம்பளம் வீணாகாது.

ஈ.எஸ்.ஐ அட்டை இருந்தால் உங்கள் டிஸ்பென்சரியிலேயே ரெஃபரல் கேட்கலாம், குடும்பத்தினருக்கும் இது உண்டு. கம்பெனியில் லீவ் கேட்கும்போது ‘மருத்துவப் பரிசோதனை’ என்றால் போதும், ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டியதில்லை. ஹாஸ்டலோ கம்பெனியோ மாறலாம், அதனால் மாறாத ஒரு போன் நம்பரைக் கொடுங்க. எல்லா ரிப்போர்ட்டையும் போனில் படம் எடுத்து வையுங்க. சிகிச்சைக்குப் பிறகும் சுமார் ஓராண்டில் மறுபரிசோதனை இருக்கும், அதுக்கும் இவையெல்லாம் தேவைப்படும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உடலுறவுக்குப் பிறகு ரத்தம், இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவே ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் - இதில் எது இருந்தாலும், முந்தைய ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றே இருந்தாலும், உடனே மருத்துவரைப் பாருங்க.

அந்தச் சீட்டு இன்னும் பீரோவில்தான் இருக்கா? இன்றைக்கே வெளியே எடுங்க. அடுத்த வார ஆஃப் எந்தக் கிழமைனு பார்த்து, அதன் மேலேயே தேதியை எழுதிடுங்க.