அரசி போகட்டும், அடுத்தது யார்?

குடியரசைத் தேடி – 8

போன வாரம் பார்த்த நேபாளத்தில், இளைஞர்களைத் திரட்டும் வேலையில் பாதியை மன்னரே செய்து கொடுத்துவிட்டார். ஆட்சியை மொத்தமாகத் தன் கைக்குள் கொண்டுவந்த ஞானேந்திராவுக்கு எதிராக 2006 ஏப்ரலில் காட்மாண்டு தெருக்கள் நிரம்பி வழிந்தன. ஆஸ்திரேலியக் குடியரசுவாதிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டாம் எலிசபெத் அங்கே எந்தப் பத்திரிகையையும் முடக்கவில்லை, மாணவர்களைப் பிடித்து உள்ளே தள்ளவில்லை. லண்டனில் இருந்தார், நாணயத்தில் முகமாக இருந்தார். கடல் கடந்து வாழும் மாமியாரோடு யார் தினமும் மல்லுக்கு நிற்பார்கள்?

கோபப்பட ஒரு சம்பவம் இருந்தது என்பது உண்மை. 1975 நவம்பர் 11 அன்று, மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் கஃப் விட்லமை, அரசியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஜான் கெர் பதவிநீக்கம் செய்தார். ஆனால் 1990களில் கல்லூரிக்குள் நுழைந்தவர்களுக்கு அது அப்பா அம்மாவின் கோபம்.

ஆஸ்திரேலியக் குடியரசு இயக்கம் 1991-இல் தொடங்கியது. முதல் தலைவர் எழுத்தாளர் தாமஸ் கெனீலி. ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்துக்கு மூலமான நாவலை எழுதியவர். அவருக்குப் பின் வந்தவர், பிற்காலத்தில் பிரதமரான மால்கம் டர்ன்புல். எழுத்தாளரும் முதலீட்டு வங்கியாளரும் நடத்தும் இயக்கத்தில் இளைஞருக்கு என்ன வேலை? துண்டுப் பிரசுரம் கொடுக்கலாம், மேடைக்குப் பின்னால் நிற்கலாம். அதில் திருப்தியடையாத சிலர், குடியரசைப் பற்றி விவாதிக்கக் கூட்டிய அரசியலமைப்பு மாநாட்டுக்கான தேர்தல் வந்தபோது தனியாகவே களமிறங்கினார்கள். விக்டோரியா மாநிலத்தில் ‘ரிபப்ளிக் ஃபார் யூ – இளைஞர் அணி’ என்ற பெயரில் நின்ற மிஷா ஷூபர்ட் ஜெயித்து மாநாட்டுக்குள் போனார்.

இது லேசான வெற்றி அல்ல. வாக்களிப்பது கட்டாயமான நாடு அது. ஆனால் 1997 இறுதியில் நடந்த இந்தத் தேர்தல் மட்டும் விருப்பப்பட்டால் வாக்களிக்கலாம் என்ற ஏற்பாடு, அதுவும் தபாலில். வாக்குச்சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் பாதிக்கும் குறைவு. வருடத்துக்கு ஒரு வாடகை அறை மாறுகிற மாணவனுக்குத் தபால் சரியாகப் போய்ச் சேருவதே பெரிய விஷயம். அவனிடம் கொள்கை பேசுவதற்கு முன்னால், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, முகவரி பழையதா என்று கேட்டாக வேண்டும். இளைஞர் பிரசாரத்தின் நிஜமான உழைப்பு இந்தச் சலிப்பூட்டும் கேள்விகளில்தான் இருக்கிறது. இளமை குடியரசுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைப்பதும் தவறு. முடியாட்சி ஆதரவாளர் அணியில் வென்று அதே மாநாட்டுக்கு வந்த ஜூலியன் லீசர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்தான்.

1998 பிப்ரவரியில், கான்பெராவின் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் 152 பேர் இரண்டு வாரம் உட்கார்ந்து பேசினார்கள். குடியரசு வேண்டும் என்றவர்கள் 89, வேண்டாம் என்றவர்கள் 52. சரி, எப்படிப்பட்ட குடியரசு? இங்கேதான் கதை கெட்டது. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் குடியரசுத் தலைவரை நியமிப்பது என்ற திட்டத்துக்குக் கிடைத்தவை 73 வாக்குகள். எதிர்த்தவர்கள் 57 பேர், ஒதுங்கி நின்றவர்கள் 22 பேர். மொத்தத்தில் பாதியைக்கூட எட்டாத அந்தத் திட்டத்தைத்தான், முடியாட்சியை ஆதரித்த பிரதமர் ஜான் ஹோவர்ட் மக்கள் முன் வைத்தார். சூழ்ச்சி என்று இன்றுவரை திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி முழுக்கப் பழிபோட மனம் வரவில்லை. உடைந்த அணியை அவர் உடைக்கவில்லை. உடைந்ததை அப்படியே எடுத்து வாக்குப்பெட்டிக்கு முன்னால் வைத்தார்.

எதிர்த்தரப்பின் கெட்டிக்காரத்தனத்தை மெச்சத்தான் வேண்டும். அரசியைப் பற்றி அவர்கள் அதிகம் பேசவே இல்லை. ‘இது அரசியல்வாதிகளின் குடியரசு, வேண்டாம் என்று போடுங்கள்’ என்றார்கள். தலைவரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நேரடித் தேர்தல்காரர்களும் சேர்ந்துகொள்ள, முடியாட்சிவாதியும் தீவிரக் குடியரசுவாதியும் ஒரே வரிசையில் நின்றார்கள். பணத்துக்கும் பஞ்சமில்லை: இரு தரப்புக்கும் அரசே தலா 75 லட்சம் டாலர் கொடுத்தது. ஆதரவுத் தரப்பு, 1975-இல் பதவியிழந்த விட்லமையும் அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்த மால்கம் ஃப்ரேசரையும் ஒரே விளம்பரத்தில் சேர்த்து உட்காரவைத்தது. அருமையான காட்சிதான். ஆனால் யாருக்கு அருமை? 1975-இல் பிறந்திருக்காதவனுக்கு அது இரண்டு முதியவர்கள்.

1999 நவம்பர் 6. ஆதரவு 45.13 சதவீதம், எதிர்ப்பு 54.87. ஆறு மாநிலங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. தலைநகரப் பிரதேசம் மட்டும் ஆம் என்றது. மொத்த வாக்கில் பெரும்பான்மையோடு, குறைந்தது நான்கு மாநிலங்களிலும் ஜெயித்தால்தான் அங்கே அரசியலமைப்பு மாறும். அதுவரை நடந்த 44 வாக்கெடுப்புகளில் தேறியவை எட்டே எட்டு.

இந்திய வாசகருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். நம் குடியரசுத் தலைவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை; எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்காக யாரும் தெருவில் இறங்கியதில்லை. ஆனால் 1950-இல் வாக்குச்சீட்டை நீட்டி நம்மிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை. சம்மதம் கேட்டால் சந்தேகமும் கூடவே வரும்.

ஆஸ்திரேலியாவில் 1999-இல் முதல்முறை வாக்களித்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். 2022-இல் குடியரசு இயக்கம் புதுத் திட்டம் ஒன்றை வைத்தது: மாநில, தேசிய நாடாளுமன்றங்கள் அதிகபட்சம் 11 பெயர்களை முன்மொழியும், அவர்களில் ஒருவரை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். பழைய காயத்துக்குப் போட்ட மருந்து இது. அதே ஆண்டு அரசி மறைந்தார்; குடியரசுக்கென்று ஒரு துணை அமைச்சரையே புதிய பிரதமர் ஆல்பனீசி நியமித்தார். 2023-இல், பூர்வகுடிகளுக்கு ‘குரல்’ என்ற ஆலோசனை அமைப்பை உருவாக்குவதற்கான வாக்கெடுப்பு தோற்றது. அடுத்த ஆண்டு அந்த அமைச்சர் பதவியும் காணாமல் போனது.

இளைஞர்கள் எங்கே? ஆஸ்திரேலிய தினமான ஜனவரி 26 அன்று பூர்வகுடிகளோடு சேர்ந்து ஊர்வலம் போகிறார்கள், பருவநிலைக்காகப் பள்ளியைப் புறக்கணிக்கிறார்கள், வீட்டு வாடகையைப் பற்றிப் புலம்புகிறார்கள். நாணயத்தில் இருக்கும் முகத்துக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று சொல்லத் தெரிந்த அமைப்பாளர் அங்கே இன்னும் கிளம்பவில்லை என்பது என் கணிப்பு. தப்பித் தவறி ஓர் இளைஞர் நின்று கேட்டாலும், ‘தலைவரை யார் தேர்ந்தெடுப்பது?’ என்றுதான் முதலில் கேட்பார். 11 பேர் கணக்கை விளக்கி முடிப்பதற்குள் அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிடும்.

(அடுத்த வாரம்: பொது வாக்கெடுப்பே நடத்தாமல் 2021-இல் குடியரசான பார்படாஸ்)