குடத்து நீர் எங்கே போகிறது?

பங்குனி மாத நண்பகலில் கொல்லைப்புறம் சென்று கத்தரிச் செடியைப் பாருங்கள். காலையில் விறைப்பாக நின்ற இலைகள் துவண்டு தொங்கும். உடனே ஒரு குடம் நீரைக் கொண்டுவந்து ஊற்றத் தோன்றும். கிணற்றில் நீர் நாளுக்கு நாள் கீழே போகும் காலம் இது. ஊற்றும் நீர் செடிக்குத்தான் போய்ச் சேருகிறதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தெளிந்த வானமுள்ள கோடை நாளில், நம் ஊர்களில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மீது விழும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 2 கோடி ஜூல். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் தேவை. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 8 லிட்டருக்குச் சற்று மேல் வரும். வெயிலில் ஒரு பகுதி எதிரொளிக்கப்படுகிறது. ஒரு பகுதி மண்ணையும் காற்றையும் சூடாக்குகிறது. ஆகவே 5 அல்லது 6 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 2 சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 12 லிட்டர், அதாவது ஒரு குடம்!

நம்பிக்கை வரவில்லையா? செங்குத்தான பக்கங்களுள்ள தட்டையான பாத்திரத்தில் நீர் ஊற்றி வெயிலில் வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் அளவுகோலால் அளந்து பாருங்கள். நீர்மட்டம் 1 மி.மீ. குறைந்தால், சதுர மீட்டருக்கு 1 லிட்டர் போயிற்று என்று பொருள். பாத்திரத்தின் சுவர்களும் சூடேறுவதால் விடை சற்று மிகையாகவே இருக்கும்.

பாத்தியிலிருந்து நீர் இரண்டு வழிகளில் வெளியேறுகிறது. இலைத்துளைகள் வழியாகப் போவது வீண் அல்ல. அந்தத் துளைகள் திறந்திருந்தால்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ளே நுழையும், இலையும் குளிரும். மண்ணின் மேற்பரப்பிலிருந்து நேரே ஆவியாவதுதான் முழு நட்டம். செடிகள் சிறியனவாக இருக்கும்போது மண் திறந்து கிடப்பதால் இந்த நட்டமே மிகுதி.

இதைத் தடுக்கச் செலவு ஒன்றுமில்லை. காய்ந்த சருகு, வைக்கோல் எதுவானாலும் மூன்று விரற்கடை கனத்திற்குப் பரப்புங்கள். வெயில் மண்ணைத் தொடாது. காற்றும் ஈரத்தை அள்ளிச் செல்லாது. சருகு கிடைக்காவிட்டால் களைக்கொட்டால் மேல்மண்ணை லேசாகக் கிளறிவிடுங்கள். கெட்டியான மண்ணில் நுண்ணிய இடைவெளிகள் விளக்குத் திரியைப்போல் ஈரத்தை மேலே இழுக்கின்றன. கிளறியதும் திரி அறுந்துபோகிறது. மாலையில் ஊற்றிய நீருக்கு மண்ணுள் இறங்க ஓர் இரவு முழுதும் கிடைக்கும்.

"நண்பகலில் நீர் தெளித்தால் துளிகள் உருப்பெருக்கிக் கண்ணாடிபோல் இலையைச் சுட்டுவிடும்" என்று பலர் சொல்வார்கள். 2010-இல் ஹங்கேரி நாட்டு இயற்பியலாளர் காபோர் ஹோர்வாத்தின் குழுவினர் இதைச் சோதித்தார்கள். கண்ணாடி உருண்டைகள் இலையைச் சுட்டன. வழவழப்பான இலைமீது இருந்த நீர்த்துளிகள் சுடவில்லை. துளி தட்டையாகப் படிவதால், ஒளி குவியும் இடம் இலைக்கு வெகு கீழே அமைந்துவிடுகிறது. மெழுகு பூசிய மயிர்களின் நுனியில் துளியைத் தாங்கும் இலைகளில் மட்டுமே சூடுபட்டது. நண்பகல் நீரைத் தவிர்ப்பதற்கு ஆவியாதல் ஒன்றே போதுமான காரணம்.

அப்படியானால் துவண்ட கத்தரிச் செடியை என்ன செய்வது? வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் நண்பகலில் மிகுந்துவிடுகிறது. மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை துவளும். மண்ணுள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். வெயில் தாழ்ந்ததும் இலை நிமிரும். விடியற்காலையிலும் தொங்கினால்தான் அது உண்மையான தாகம்.

புடலை, பாகல் போன்ற கொடிகளுக்கு மண்பானை உத்தி நன்று. வண்ணம் பூசாத பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவிடுங்கள். சுற்றியுள்ள மண் காயக் காய நீர் கசிந்து வரும். ஈரமானதும் கசிவு குறையும். வேர்கள் தாமே பானையைச் சுற்றி வளரும்.

தக்காளி மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்காது. இரவிலும் வெப்பம் தணியாவிட்டால் அது பூவை உதிர்த்துவிடும். எத்தனை குடம் ஊற்றினாலும் பயனில்லை. சித்திரைக்கு வெண்டையும் கொத்தவரையும் போடுங்கள். அவை வெயிலைத் தாங்குபவை.